நாய்விட்டு நாய் தாவும் புற்று

புற்றுநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பேரக்குழந்தையைப் பாட்டியின் மடியில் உட்காரவிடாமல் இழுத்துக்கொள்பவர்களும் உண்டு. நன்றாகப் படித்தவர்கள்கூட மருத்துவரின் அறையைவிட்டுக் கிளம்பும் முன் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "டாக்டர், இது தொத்துமா?"

தொற்றாது என்பார் மருத்துவர். அந்தப் பதில் சரி, சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏன் தொற்றுவதில்லை? சளி தொற்றுகிறது, காசநோய் தொற்றுகிறது, சொறி சிரங்கு தொற்றுகிறது. புற்று மட்டும் ஒருவர் உடலில் தொடங்கி அந்த உடலோடு முடிந்துபோவது ஏன்?

இதற்கு விடை தேடியவர்களுக்கு மிகவும் உதவிய விலங்கு நாய். காரணம், நாய்களிடம் தொற்றும் புற்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நம் தெருக்களிலும் இருக்கிறது.

அந்நியச் சதையை உடல் ஏற்காது

காசநோயை உண்டாக்குவது வெளியிலிருந்து வரும் பாக்டீரியா. புற்றுநோயில் அப்படி வெளியாள் யாரும் வருவதில்லை. ஒரு செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பதை அதன் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் சில பழுதானால் செல் நிற்காமல் பெருகத் தொடங்கும். அதுதான் கட்டி. ஆகவே கட்டி என்பது நோயாளியின் சொந்தச் சதை.

ஒருவரின் சொந்தச் சதை என்பதாலேயே அது இன்னொருவர் உடலில் பிழைக்க முடியாது. நம் உடலின் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் தம் மேற்பரப்பில் சிலவகைப் புரதங்களைத் தாங்கியிருக்கின்றன. 'இது இன்னாருடைய செல்' என்று காட்டுவதால் இவற்றை அடையாளப் புரதங்கள் என்று அழைப்போம். இவை ஆளுக்கு ஆள் வேறுபடும். அறிமுகமில்லாத அடையாளத்தோடு ஒரு செல் உள்ளே வந்தால் நம் தடுப்பாற்றல் செல்கள் அதைத் தாக்கி அழித்துவிடும். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவது இந்தத் தாக்குதலை அடக்கி வைப்பதற்காகத்தான். அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தையே ஏற்கத் தயங்கும் உடல், யாரோ ஒருவரின் புற்றுச் செல்லையா வளரவிடும்?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். கல்லீரல் புற்றுக்கு இட்டுச்செல்லும் ஹெபடைடிஸ் பி வைரஸும் அப்படித்தான். அங்கே பரவுவது வைரஸ் மட்டும். புற்று உருவாவது ஒவ்வொருவரின் சொந்தச் செல்லிலிருந்து.

மனிதரிடம் புற்றுச் செல்லே இடம்மாறிய நிகழ்வுகள் மிக மிக அரிது. கட்டியை அறுவை செய்தபோது கையைக் கீறிக்கொண்ட ஒரு மருத்துவருக்குச் சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் அதே கட்டி வளர்ந்தது பற்றி 1996இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. இப்படி அபூர்வமாக நடந்தாலும், அது அந்த ஒருவரோடு நின்றுபோகிறது. அங்கிருந்து மூன்றாமவருக்குப் போவதில்லை.

வாரக்கணக்கில் நிற்காத ரத்தம்

கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த காட்சி இது: பெண் நாயின் பிறப்புறுப்பிலிருந்து வாரக்கணக்கில் ரத்தம் சொட்டும். பருவத்துக்கு வந்திருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆனால் பருவத்து ரத்தம் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் நின்றுவிடும், இது நிற்காது. பரிசோதித்தால் உள்ளே காலிஃபிளவர் பூப்போன்ற சிவந்த கட்டி இருக்கும். தொட்டாலே பிய்ந்து ரத்தம் கசியும். ஆண் நாய்க்கும் பிறப்புறுப்பில் இதே கட்டி வருவதுண்டு. இதைத் தொற்றும் பாலுறுப்புக் கட்டி என்று சொல்லலாம்.

இது பரவும் வழி நாய்களின் உடலமைப்பிலேயே இருக்கிறது. கூடும்போது ஆணும் பெண்ணும் பிரிய முடியாமல் பிணைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அரைமணி நேரம்வரை அது நீடிக்கும். அந்த உராய்வில் மென்மையான சவ்வு கீறிக்கொள்கிறது. ஒரு நாயின் கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் அடுத்த நாயின் கீறலில் ஒட்டிக்கொள்கின்றன. நாய்கள் முகர்ந்தும் நக்கியும் பழகுவதால் மூக்கிலும் வாயிலும்கூட இந்தக் கட்டி வரும். மூக்குக் கட்டி ஆண் நாய்களிடமே அதிகம். பெண் நாயின் பின்புறத்தை முகர்வது அவைதானே.

மனிதருக்கு இது தொற்றாது.

நெடுங்காலச் சந்தேகம்

லண்டனைச் சேர்ந்த டெலபேர் பிளேன் என்ற கால்நடை மருத்துவர் 1810இலேயே இந்தக் கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் மிஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டித் துணுக்கை இளம் நாயின் தோலுக்கடியில் வைத்தார். அது அங்கே வேர்பிடித்து வளர்ந்தது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் புற்றை மாற்றி வளர்த்த முதல் வெற்றிகரமான சோதனையாக இதைக் கருதுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் அன்டன் ஸ்டிக்கர் இதே சோதனையை விரிவாகச் செய்தார். உயிருள்ள செல்களை வைத்தால்தான் கட்டி வளரும் என்று கண்டார்.

இத்தோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆய்வகத்தில் கத்தியால் கீறி நட்டால் வளர்கிறது, சரி. தெருவிலும் அப்படித்தான் நடக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? கோழிகளிடமும் பூனைகளிடமும் வைரஸ்கள் புற்றை உண்டாக்குவது பின்னர் தெரியவந்ததால், நாயிடமும் கண்ணுக்குத் தப்பிய வைரஸ் ஒன்று இருக்கலாம் என்ற சந்தேகம் நீடித்தது. செல்லே தாவுகிறது என்பதற்கும் ஒரு துப்பு இருந்தது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள். கட்டியின் செல்லிலோ சுமார் 57 முதல் 64 வரைதான். வேறு வேறு நாடுகளில் எடுத்த கட்டிகளிலும் இதே விசித்திரம். துப்பு வலுவாக இருந்தது, தீர்ப்பு வரவில்லை.

நான்கு குப்பிகள்

தீர்ப்பு சொன்ன சோதனையைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத, வேறு வேறு ஊர் நாய்கள் இரண்டு. ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் கட்டி. மொத்தம் நான்கு குப்பிகள்.

மரபணுத் தொடரில் சில இடங்களில் ஒரே சிறு கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது நாய்க்கு நாய் வேறுபடும். குழந்தையின் தந்தை யார் என்று நீதிமன்றம் கேட்கும்போது மனிதரிடம் எண்ணிப் பார்ப்பதும் இப்படிப்பட்ட இடங்களைத்தான். இவற்றைத் திரும்பல் இடங்கள் என்போம்.

விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். முதல் நாயின் ரத்தத்தில் ஒரு திரும்பல் இடத்தின் எண்ணிக்கை 12. இரண்டாம் நாயின் ரத்தத்தில் 17. கட்டிகளில் எத்தனை இருக்கும்?

ஒவ்வொரு நாய்க்கும் கட்டி தானாக வந்திருந்தால், முதல் நாயின் கட்டியில் 12 இருக்கும். இரண்டாவதில் 17 இருக்கும். சொந்தச் சதைதானே. வைரஸ் காரணமாக இருந்தாலும் இதே விடைதான். வைரஸ் கெடுப்பது அந்தந்த நாயின் செல்லைத்தான். ஆனால் செல்லே தாவி வந்திருந்தால் கணக்கு அடியோடு மாறும். இரண்டு கட்டிகளிலும் ஒரே எண், உதாரணமாக 9 இருக்கும். அந்த 9, முதல் நாயின் 12ஓடும் பொருந்தாது; இரண்டாம் நாயின் 17ஓடும் பொருந்தாது.

எய்ட்ஸ் வைரஸ் ஆய்வில் புகழ்பெற்ற ராபின் வைஸ், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தன் குழுவினரோடு இப்படிப்பட்ட ஒப்பீட்டைச் செய்தார். முடிவு 2006இல் வெளியானது. இத்தாலி, இந்தியா, கென்யா ஆகிய நாடுகளின் நாய்களிடம் புதிதாக எடுத்த மாதிரிகளும் வேறு நாடுகளில் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளும் அதில் இருந்தன. ஓர் இடத்தில் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம் என்பதால் பல இடங்களைச் சோதித்தார்கள். விடை மூன்றாவது வகை. கட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவை வளர்ந்த நாய்களை ஒத்திருக்கவில்லை. இந்தியத் தெருநாயின் கட்டிக்கு நெருங்கிய சொந்தம் அந்த நாய் அல்ல, கென்யாவில் ஏதோ ஒரு நாயின் உடலிலிருக்கும் கட்டி!

முருங்கைப் போத்தை வெட்டி நட்டு வளர்த்த மரத்தை நினைத்துப் பாருங்கள். விதையிலிருந்து முளைத்தது புது மரம். போத்திலிருந்து வளர்ந்ததோ தாய்மரத்தின் உடம்பே. ஊரெல்லாம் போத்து போனாலும் மரம் ஒன்றுதான். அதுபோல, என்றோ ஒரு காலத்தில் ஒரே ஒரு நாய்க்குப் புற்று வந்திருக்கிறது. நாய் செத்துவிட்டது. அதன் புற்று சாகவில்லை. நாய்விட்டு நாய் மாறி இன்றுவரை உயிரோடிருக்கிறது. இன்று உலகத்து நாய்களிடமுள்ள இந்தவகைக் கட்டிகள் அனைத்தும் அந்த ஒற்றை நாயின் உடற்செல்கள்.

கட்டிக்கு வயது என்ன?

அந்த முதல் நாய் எப்போது வாழ்ந்தது? செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் மரபணுத் தொடரில் சில எழுத்துப் பிழைகள் விழும். அவற்றுள் சிலவகைப் பிழைகள் ஏறக்குறைய சீரான வேகத்தில் சேர்கின்றன. ஆண்டுக்கு எத்தனை என்று தெரிந்தால், மொத்தப் பிழையை எண்ணி வயதைக் கணித்துவிடலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் மர்ச்சிசன் குழுவினர் இரண்டு கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2014இல் வெளியிட்டார்கள். ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடியினர் முகாமைச் சேர்ந்த நாயுடையது. மற்றது பிரேசிலில் இருந்த காக்கர் ஸ்பேனியல் நாயுடையது. மனிதப் புற்றுகள் பலவற்றில் பிழைகள் சில ஆயிரமாக இருக்கும். இந்தக் கட்டியில் இருந்தவை சுமார் 19 லட்சம். 646 மரபணுக்கள் அறவே காணாமல் போயிருந்தன. இத்தனை சேதத்துக்குப் பிறகும் செல் உயிரோடிருக்கிறது, பெருகுகிறது. நாயாக ஓடித் திரியத் தேவைப்படும் பல மரபணுக்கள் கட்டியாக வாழத் தேவையில்லை.

சுமார் 11,000 ஆண்டுகள் என்று அப்போது வயது கணித்தார்கள். 2019இல் அதே ஆய்வகம் 546 கட்டிகளைப் படித்து, கணக்கைத் திருத்தியது. முதல் நாய் இன்றைக்கு 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்தது என்பது இப்போதைய கணிப்பு. பிழை சேரும் வேகத்தை எவ்வளவு என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து வயது மாறும். அதனால்தான் இவ்வளவு அகலமான இடைவெளி. எப்படிப் பார்த்தாலும், நாம் அறிந்த புற்றுகளிலேயே மிகப் பழையது இதுதான்.

கட்டியின் மரபணுவில் அந்த நாயின் சாயலும் மிஞ்சியிருக்கிறது. நடுத்தரம் அல்லது சற்றே பெரிய உடம்பு. நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம்பெருக்கிய சிறு கூட்டத்தில் பிறந்தது. அதன் இனத்தைப் பற்றி 2018இல் இன்னொரு செய்தி கிடைத்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் பழங்குடியினரோடு வாழ்ந்த நாய்கள் பின்னாளில் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிட்டன. அவற்றின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவோடு ஒப்பிட்டபோது, இன்று உயிரோடிருப்பவற்றில் அவற்றுக்கு மிக நெருங்கியதாகத் தெரிந்தது இந்தக் கட்டிதான்.

கப்பலேறிய நோய்

546 கட்டிகளையும் ஒப்பிட்டுப் பிழைகளை வரிசைப்படுத்தினால் எது எதிலிருந்து கிளைத்தது என்ற வம்சாவளி கிடைக்கும். அதன்படி இந்தப் புற்று நெடுங்காலம் ஆசியாவிலேயே இருந்தது. பிறகு ஐரோப்பாவுக்குப் பரவியது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்த காலத்தில், அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. ஆசியாவுக்கே திரும்பியும் வந்தது. வரலாற்று நூல்கள் கப்பலில் போன மிளகையும் துணியையும் மனிதர்களையும் பதிவு செய்தன. கப்பலில் போன நாய்களின் பயணத்தைப் பதிவு செய்திருப்பது இந்தக் கட்டி.

வெயிலின் தடமும் இதில் இருக்கிறது. கட்டி உடலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்பதால் புறஊதாக் கதிர் படுகிறது. அந்தக் கதிர் தனக்கே உரிய வகைப் பிழையை விட்டுச்செல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் நாய்களின் கட்டிகளில் அந்தப் பிழை அதிகம்.

இத்தனை ஆயிரம் ஆண்டு பழுதை எப்படித் தாங்குகிறது? 2011இல் ஒரு விடை கிடைத்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா. கட்டியின் செல்கள் எப்போதாவது தாம் தங்கியிருக்கும் நாயின் மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துத் தமதாக்கிக்கொள்கின்றன. சொந்தமாக இருப்பது தேய்ந்துபோனால் வீட்டுக்காரனிடமிருந்தே புதிதாக ஒன்று!

காவலைக் கடப்பது எப்படி?

இனி நம் முதல் கேள்விக்கு வரலாம். அந்நியச் செல்லை அழிக்கும் ஏற்பாடு நாய்க்கும் இருக்கிறது. பிறகு இந்தக் கட்டி எப்படி வளர்கிறது?

அது தன் அடையாளப் புரதங்களை மிகவும் குறைத்துக்கொள்கிறது. எந்த அடையாளமும் இல்லாத செல்லைத் தாக்கவும் தடுப்பாற்றலில் ஒரு பிரிவு உண்டு. அதனால் கட்டி முற்றிலும் வெறுமையாக இருப்பதில்லை. கொஞ்சம் மட்டும் வைத்திருக்கிறது. கூடவே, சுற்றிலுமுள்ள தடுப்பாற்றல் செல்களை மந்தமாக்கும் ஒரு புரதத்தையும் சுரக்கிறது.

ஆனால் இந்த மறைவு நெடுநாள் தாங்குவதில்லை. சோதனைக்காக நட்ட கட்டிகள் சில மாதங்கள் வளர்கின்றன. பிறகு நாயின் தடுப்பாற்றல் செல்கள் உள்ளே நுழைகின்றன, அடையாளப் புரதங்கள் மீண்டும் தலைகாட்டுகின்றன, பல நாய்களிடம் கட்டி தானாகவே சுருங்கி மறைகிறது. குணமான நாயிடம் மீண்டும் நட்டால் வளர்வதில்லை. உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவி நாயைக் கொல்வதும் குறைவு. அந்தச் சில மாதங்களில் நாய் இன்னொன்றோடு கூடினால் போதும், கட்டிக்கு அடுத்த வீடு கிடைத்துவிடும்.

தொற்றும் புற்று என்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது இதிலிருந்து விளங்கும். செல் உயிரோடு உதிர வேண்டும். உலர்வதற்குள் அடுத்த உடலின் கீறலில் சேர வேண்டும். அங்கே தடுப்பாற்றலை ஏய்க்க வேண்டும். அந்த உடல் சாவதற்குள் மூன்றாவது உடலுக்குப் போக வேண்டும். பாலூட்டிகளில் இதைச் சாதித்ததாக இன்னொரு விலங்கிடம் மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் வாழும் டாஸ்மேனியன் டெவில் அது. ஒன்றையொன்று முகத்தில் கடிக்கும் வழக்கத்தால் அவற்றிடம் முகக் கட்டி பரவுகிறது. 1996இல் முதலில் கண்டறியப்பட்ட அந்தப் புற்று அவற்றின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டது. கடலில் சிலவகைச் சிப்பி இனங்களிடமும் தொற்றும் புற்று இருப்பது 2015 முதல் தெரியவந்தது.

மனிதரிடம் பரவித் திரியும் புற்று ஒன்றுகூட இல்லை. நோயாளியைத் தொடுவதாலோ, அவரோடு சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே படுக்கையில் உறங்குவதாலோ புற்றுச் செல் யார் உடலிலும் குடியேறாது.

நித்தியகல்யாணி தரும் மருந்து

இவ்வளவு பழைய புற்று மிக எளிதில் குணமாகக்கூடியது என்பதுதான் வியப்பு. பெரும்பாலான நாய்களுக்கு வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ரத்தக்குழாயில் செலுத்தினால் போதும். சில வாரங்களில் கட்டி கரைந்துவிடும். இந்த மருந்து கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று நம்மூரில் சொல்லும் அதே செடிதான். தமிழகத்தில் இதை மூலிகைப் பயிராகவும் வளர்க்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் இதே மருந்தைத் தருகிறார்கள். நாயின் கட்டி கரைவதில் மருந்துக்கு மட்டும் பங்கில்லை. மருந்து பட்டதும் நாயின் தடுப்பாற்றல் விழித்துக்கொண்டு கட்டியைத் தாக்குவதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. உறங்கும் தடுப்பாற்றலை எழுப்பிப் புற்றை வெல்லும் வழிகளை மனிதருக்காகத் தேடுபவர்கள் இந்தக் கட்டியைக் கூர்ந்து கவனிப்பதற்கு இதுவே காரணம்.

குறைந்தது 90 நாடுகளில் இந்தப் புற்று இருக்கிறது. அதை முதலில் விவரித்த பிரிட்டனில் இன்று உள்ளூர் நாய்களிடம் இல்லை. நாய்களைத் தெருவில் திரியவிடக் கூடாது என்ற சட்டங்கள் வந்தபின் 20ஆம் நூற்றாண்டில் அது அங்கே மறைந்துபோனது. இப்போது எப்போதாவது தென்படுவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் நாய்களிடம்தான். நாய்கள் கட்டுப்பாடின்றிக் கூடுவதுதான் இதன் ஒரே பெரிய பாதை. பாதையை அடைத்தால் நோய் நிற்கும். இந்தியாவில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதற்கான விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. வெறிநோயைக் குறைக்கவும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் வகுத்த விதிகள் அவை. இந்தப் புற்றுக்கும் அதே கருத்தடைதான் தடுப்பு.

உங்கள் தெருவில் ஒரு நாய்க்கு மூன்று வாரத்தைத் தாண்டியும் பிறப்புறுப்பிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம் கசிந்தால், பருவம் என்றோ அடிபட்டது என்றோ விட்டுவிடாதீர்கள். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, தெருநாய்களைப் பராமரிக்கும் அமைப்புக்கோ தகவல் சொல்லுங்கள். குணமானதும் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.